லெபனான் சமையலைக் கூடிச் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெபனான் வீடுகளில் பூரணம் வைத்துத் திராட்சை இலை சுருட்ட வேண்டும் என்றால் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று மேசையைச் சுற்றி ஆள் சேர்ந்துவிடும். கறியும் உடைத்த கோதுமையும் அரைத்த மாவில் பூரணம் வைத்துக் கிப்பே உருண்டை பிடிப்பதும், ஈஸ்டருக்கும் ரமலான் பெருநாளுக்கும் ரவை மாவில் இனிப்புப் பூரணம் வைத்து மாமூல் என்ற பலகாரம் செய்வதும் அப்படித்தான். கைவேலை நிறைய, கஷ்டமான வேலை குறைவு. பேசிக்கொண்டும் சீண்டிக்கொண்டும் செய்யத் தோதான சமையல் இது. ஆனால் எதில் கறாராக இருப்பது, எதை விட்டுப்பிடிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதல் தடுமாற்றம், எதைச் செய்வது என்று முடிவெடுப்பதிலேயே வருகிறது. பெயர் தெரிந்த பண்டம் என்பதால் எல்லோரும் ஹம்முஸில், அதாவது கொண்டைக்கடலை மசியலில், தொடங்குகிறார்கள். 2010 மே மாதம் பெய்ரூட்டுக்குப் பக்கத்தில் சுமார் 300 சமையல்காரர்கள் சேர்ந்து 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்த அளவு. வீட்டிலோ ஒருவர் மிக்ஸியை அழுத்துவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதை முன்கூட்டியே அரைத்து, வேலைக்கு நடுவே தொட்டுக்கொள்ள மேசையில் வைத்துவிடுங்கள்.

கூடி உட்கார ஏற்றது திராட்சை இலைதான். பாட்டிலில் வரும் இலை உப்புநீரில் ஊறியது. வெந்நீரில் போட்டு அலசாவிட்டால் மொத்தப் பாத்திரமும் கரிக்கும். பச்சை இலையானால் கொதிநீரில் சற்று நேரம் முக்கி எடுத்தால் வளையும். காம்பைக் கிள்ளிவிட்டு, நரம்பு தெரியும் பக்கம் மேலே இருக்கும்படி விரிக்க வேண்டும். பளபளப்பான பக்கம் வெளியே வரும்.

பெரும்பாலான சுருள்கள் கெடுவது பூரணத்தால். அரிசியும் கொத்துக்கறியும் கலந்த பூரணத்தில் அரிசி பச்சையாகவே இருக்கிறது, வெந்தால் உப்பும். நிறைய வைத்து இறுக்கிச் சுருட்டினால் இலை கிழிந்துவிடும். மெல்லிய கோடாக வைத்து, ஓரங்களை உள்ளே மடித்து, கொஞ்சம் இடம் விட்டுச் சுருட்டுங்கள். பாத்திரத்தின் அடியில் கிழிந்த இலைகளையோ உருளைக்கிழங்கு வில்லைகளையோ பரப்பி, மடிப்பு கீழே இருக்க நெருக்கி அடுக்குங்கள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துச் சிறு தீயில் வேகவிட வேண்டும். தட்டு வைக்க மறந்தால் சுருள்கள் மிதந்து பிரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. குழந்தை சுருட்டி வைத்ததை அதன் கண் முன்னாலேயே பிரித்துத் திரும்பச் சுருட்டுவது. அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளை எழுந்து போய்விடும், அப்புறம் திரும்பி வராது. தடிமனான சுருள்களை அடி வரிசையில் வையுங்கள், நன்றாக வெந்துவிடும். போட்டி வைப்பதென்றால் யாருடையது மெலிது என்று வையுங்கள். யார் வேகம் என்று வைத்தால் பாதிச் சுருள் பிரிந்துதான் கிடக்கும்.

தபூலேயில் நடக்கும் குழப்பம் வேறு மாதிரி. பல ஊர்களில் அதைக் கோதுமைச் சாலட் ஆக்கிவிட்டார்கள். லெபனானில் அது கொத்தமல்லி போன்ற பார்ஸ்லி இலையின் சாலட், உடைத்த கோதுமையான புர்குல் அங்கங்கே தெரிந்தால் போதும். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண கோதுமை ரவையை அதற்குப் பதிலாகப் போடக் கூடாது. புர்குல் வேகவைத்து உலர்த்தி உடைத்தது, ஊறினாலே மென்மையாகும். ரவை பச்சையாக நிற்கும். இலையைக் கழுவித் துணியில் உலர்த்தும் வேலை பிள்ளைகளுக்கு, கூரான கத்தி பெரியவர்களுக்கு. ஈர இலையை நறுக்கினாலும் மிக்ஸியில் அடித்தாலும் சேறாகிவிடும்.

கிப்பே பிடிக்கும்போது பக்கத்தில் குளிர்ந்த நீர் இல்லாவிட்டால் மாவு கையில் ஒட்டும், ஓடு வெடிக்கும். வெடித்த இடத்தை ஈர விரலால் தடவினால் சேர்ந்துகொள்ளும். பச்சைக் கறியில் செய்யும் கிப்பே லெபனானில் விரும்பிச் சாப்பிடப்படுகிறது. அன்றே வெட்டிய கறி, நம்பிக்கையான கடைக்காரர் என்று பார்த்து வாங்குவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைப் பச்சை மாவை ருசி பார்க்க விடாதீர்கள், கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். கறி சாப்பிடாத வீட்டுக்குப் பூசணி கிப்பே இருக்கிறது. தவக்காலத்தில் லெபனான் கிறிஸ்தவர்கள் செய்வது அது.

மாமூல் மாவை அன்றே பிசைந்து அன்றே அச்சில் போடுவது தவறு. ரவையில் நெய் ஊற ஓர் இரவு வேண்டும். அச்சைக் கவிழ்த்து விளிம்பை மேசையில் தட்டினால் பலகாரம் விழும், அச்சின் முகத்தை மொத்தினால் நசுங்கும். இந்தத் தட்டும் வேலையைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்காதீர்கள், அவர்களுக்கு இதில்தான் குஷி. அச்சுகளைக் கலந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாகத் தட்டை வட்டம் பேரீச்சைக்கு, குவிந்தது வால்நட்டுக்கு, நீளமானது பிஸ்தாவுக்கு. உள்ளே என்ன என்று கடிக்காமலே தெரியும். மேல்பக்கம் சிவக்கும்வரை ஓவனில் விட வேண்டாம், அடி சிவந்தால் எடுத்துவிடலாம். வால்நட், பிஸ்தா வைத்தவற்றுக்கு ஆறிய பிறகே பொடித்த சர்க்கரை தூவ வேண்டும், சூட்டில் தூவினால் உருகிப் பிசுபிசுக்கும். பெருநாளன்று வீட்டுக்கு வருபவர்களுக்குக் காபியோடு நீட்டத்தான் இதைச் செய்கிறார்கள். கோணலாக வந்தவற்றையும் ஒளித்து வைக்காமல் அதே தட்டில் அடுக்குங்கள், எது யார் செய்தது என்று பிள்ளைகளே விருந்தாளியிடம் சொல்வார்கள்.