கார் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். வெளியே வருகிறதா என்று பாருங்கள்

கண்ணாடி ஏறி இறங்கும் கதவுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்க முடியாது. வெளிப்பக்க ரப்பர் பீடிங் பெரும்பகுதியை வழித்துவிடும். மிச்சம் கண்ணாடியை ஒட்டியே உள்ளே இறங்கும். அதற்காகத்தான் கதவின் அடி விளிம்பில் வடிகால் ஓட்டைகள் இருக்கின்றன. அவை அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கதவைச் சாத்தும்போது 'களக் களக்' என்று சத்தம் கேட்கும், பிறகு அடி மடிப்பில் பெயின்ட் கொப்பளிக்கும். கொப்புளம் தெரிகிறது என்றால் துரு உள்ளிருந்து வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம்.

கதவைத் திறந்து, டார்ச் அடித்து, அடி விளிம்பைக் கீழிருந்து பாருங்கள். இரண்டு மூன்று நீளவாக்குத் துளைகளோ, தகட்டு மடிப்பில் சிறு பிளவுகளோ தெரியும். சில வண்டிகளில் கீறல் விட்ட ரப்பர் மூடி இருக்கும். கீறலே இல்லாமல் முழுதாக மூடியிருக்கும் ரப்பர் அடைப்பான் வடிகால் அல்ல, அதைக் கழற்றாதீர்கள்.

சோதிக்க, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கண்ணாடியை முழுக்க ஏற்றுங்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கண்ணாடியும் பீடிங்கும் சேரும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். வெளித்தகட்டில் வழிவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஓட்டையிலிருந்து சொட்டுகிறதா என்பதே கேள்வி.

சொட்டவில்லையா? கேபிள் டையின் (ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) முனையை ஓட்டைக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு மெல்ல அசையுங்கள். ஆணி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்: ஓட்டையின் ஓரத்தில் பெயின்ட் உரிந்தால் துரு அங்கிருந்தே தொடங்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அடைப்பு விட்டதும் கருப்புச் சேறு குபுக்கென்று கொட்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை மேலிருந்து ஊற்றுங்கள்.

ஓட்டைகள் சுத்தமாக இருந்தும் கால் மிதியடி நனைகிறதென்றால், டோர் பேடுக்கு (கதவின் உள்பக்கத்தை மூடும் பலகை) பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைச் சந்தேகியுங்கள். ஸ்பீக்கர் மாற்றும்போது அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவது சர்வ சாதாரணம். பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் ஒட்டுப்பட்டை) வைத்து ஒட்டுங்கள். ஷீட்டின் கீழ் ஓரம், வழியும் நீரைக் கதவுக்குள் திருப்பிவிடும்படி அமைய வேண்டும். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் சீலன்டை (இடைவெளி அடைக்கும் பசை) இங்கே பூசாதீர்கள், அது காயும்போது வெளிவிடும் அமிலம் தகட்டை அரிக்கும்.

வேன், பஸ்களின் நகரும் ஜன்னலில் வடிகால், கண்ணாடி ஓடும் அடிச் சேனலில், வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கும். காய்ந்த புழுதியை முதலில் வாக்குவம் வைத்து உறிஞ்சி, பழைய டூத் பிரஷால் தேய்த்து, அதன்பிறகே தண்ணீர் விடுங்கள். நேராகத் தண்ணீர் ஊற்றினால் புழுதி சேறாகி ஓட்டையிலேயே போய் உட்காரும். 'இங்கேதான் ஒழுகுகிறது' என்று அந்த ஓட்டையில் சீலன்ட் அடித்தீர்களோ, அடுத்த மழைக்குச் சேனல் நிரம்பித் தண்ணீர் சீட்டில்தான் வழியும். வண்டி சரிவில் நின்றால் சுத்தமான சேனலிலும் ஒரு மூலையில் தண்ணீர் சேரும், அது பழுதல்ல.

துருத் தடுப்பு மெழுகு அடித்தாலும், கதவுக்கு பெயின்ட் அடித்தாலும், வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஓட்டையிலும் கேபிள் டையை ஒருமுறை விட்டு எடுங்கள். புது அடைப்புகள் அப்படியும் வரும்.