கேமராவ லேப்டாப் கண்டுக்கலையா? மொதல்ல கேபிள மாத்துங்க

பெங்களூரு அல்சூர் ஏரில எடுத்த போட்டோவ ஏத்தலாம்னு கேமராவ சொருகினா ஒரு சத்தமும் இல்ல, ஒரு மணி நேரம் டிரைவர் அது இதுன்னு நோண்டி கடைசில பாத்தா எஸ்.பி. ரோட்டுல வாங்கின கேபிள் வெறும் சார்ஜ் கேபிள். யூஎஸ்பி 2.0 கேபிள்ல 4 கம்பி இருக்கும், ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு, சார்ஜ் கேபிள்ல அந்த டேட்டா ரெண்டும் இருக்காது, வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. அதனால மொதல்ல வேற கேபிள் போட்டு பாருங்க, ஹப் (ஒரு போர்ட்ட பலதா பிரிக்குற பெட்டி) வேணாம், நேரா லேப்டாப்லயே சொருகுங்க.

அப்புறம் கேமராவ ஆன் பண்ணுங்க (சிரிக்காதீங்க, பாதி பேர் மறக்குறாங்க). சில மாடல்ல வைஃபை ஆன்ல இருந்தா யூஎஸ்பி வேலை செய்யாது, ஆஃப் பண்ணிருங்க. மெனுல யூஎஸ்பி மோட் இருந்தா எம்டிபி (கேமராவே ஃபைல எடுத்துக் குடுக்குற முறை), மாஸ் ஸ்டோரேஜ் (பென் டிரைவ் மாதிரி தெரியுற முறை) ரெண்டையும் மாத்தி பாருங்க. விண்டோஸ் 'என்' எடிஷன்னா (மீடியா சாஃப்ட்வேர் இல்லாம வர்ற விண்டோஸ்) மீடியா ஃபீச்சர் பேக் போடாம எம்டிபி ஓடாது. மேக்ல கேமரா ஃபைண்டர்ல வரலன்னா அங்கயே தேடாதீங்க, இமேஜ் கேப்சர்ங்கற ஆப்ப திறங்க.

எதுவும் ஆகலையா, கேமராவ ஆஃப் பண்ணி மெமரி கார்ட கழட்டி கார்ட் ரீடர்ல போடுங்க. நான் இப்ப அதான் பண்றேன், கேமரா பேட்டரியும் மிச்சம். ஆனா "ஃபார்மேட் பண்ணவா"ன்னு விண்டோஸ் கேட்டா தயவுசெஞ்சு ஓகே குடுத்துராதீங்க, போட்டோ எல்லாம் அழிஞ்சிரும்.