கடலடி நிலச்சரிவைத் தன்னாட்சி ஊர்தியின் சோனாரால் வரைபடமாக்கும் முறை

ஒரு பாகை அகலமுள்ள ஒலிக்கற்றை, கப்பலிலிருந்து புறப்பட்டு 2,000 மீட்டர் ஆழத்திலுள்ள தரையைத் தொடும்போது ஏறக்குறைய 35 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. அதே கற்றையை, ஆளின்றித் தானே நீருக்குள் இயங்கித் தரைக்கு 50 மீட்டர் மேலே செல்லும் தன்னாட்சி ஊர்தியிலிருந்து அனுப்பினால், அது ஒரு மீட்டருக்கும் குறைவான இடத்தையே தொடும். நிலச்சரிவு எங்கே நடந்தது என்பதைக் கப்பலின் வரைபடம் காட்டும். மண் எந்தக் கோட்டில் பிளந்தது, ஒரே முறையில் சரிந்ததா, படிப்படியாகப் பின்வாங்கிச் சரிந்ததா என்பவற்றை ஊர்தியின் வரைபடமே காட்டும்.

ஆகவே, முதலில் கப்பலின் பல்கற்றை சோனார் (ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளை அனுப்பி, எதிரொலியால் ஆழத்தை அளக்கும் கருவி) தந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள். ஊர்தி விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் 18 மணி நேரம் ஓடினால் சுமார் 97 கிலோமீட்டர் கடக்கும். 50 மீட்டர் உயரத்தில் சோனாரின் பார்வை அகலம் ஏறத்தாழ 150 மீட்டர். அடுத்தடுத்த தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி 120 மீட்டர் இடைவெளி விட்டால், ஒரு பயணத்தில் கிடைப்பது 11 சதுர கிலோமீட்டர் அளவுதான். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் நார்வேக்கு அப்பால் நிகழ்ந்த ஸ்டோரெக்கா சரிவில் ஏறக்குறைய 3,000 கன கிலோமீட்டர் மண் நகர்ந்தது என்பதை நினைத்தால், முழுச் சரிவையும் இவ்வாறு அளக்க முடியாது என்பது புரியும். மண் பிரிந்து கிளம்பிய மேற்புறத்து வெட்டுச்சுவர், பக்கச்சுவரின் ஒரு பகுதி, மண் வந்து நெருக்குண்டு வரப்புகளாக எழுந்த அடிமுனை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுங்கள். மின்கலம் போதாவிட்டால் அடிமுனையை விட்டுவிடலாம். வெட்டுச்சுவரை விடக் கூடாது என்பதே என் கருத்து.

வெட்டுச்சுவர்ப் பகுதியில் தடங்கள் சமவுயரக் கோடுகளை ஒட்டியே செல்ல வேண்டும். சுவரை நேருக்கு நேர் நெருங்கும் ஊர்தி போதிய வேகத்தில் மேலேற முடியாமல் மோதக்கூடும். சுவரின் விளிம்பைத் தாண்டி வெளியே செல்லும் ஊர்திக்கோ தரை திடீரென்று கீழே போய்விடுவதால், தரையிலிருந்து திரும்பும் ஒலியைக் கொண்டு வேகத்தை அளக்கும் டாப்ளர் கருவி தரையைத் தவறவிடும்.

பெரும்பாலான பிழைகள் நுழைவது ஊர்தியின் இடத்தைக் கணக்கிடும்போதுதான். ஜிபிஎஸ் அலைகள் நீருக்குள் செல்லாததால், ஊர்தி தன் இடத்தை, தன் முடுக்கத்தையும் திரும்பலையும் உணரும் நிலைம வழிகாட்டுக் கருவியையும் டாப்ளர் வேகத்தையும் கொண்டே கணக்கிடுகிறது. கடந்த தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை என்றாலும் 20 கிலோமீட்டருக்குப் பின் அது 20 மீட்டராகிவிடும். பத்துப் பாகைச் சரிவில் 20 மீட்டர் பக்கவாட்டில் விலகிய இரு தடங்களை அருகருகே வைத்தால், அவை சேரும் இடத்தில் சுமார் மூன்றரை மீட்டர் உயரமுள்ள படி ஒன்று தோன்றும். பார்வைக்கு அது அப்படியே ஒரு சிறு வெட்டுச்சுவர். ஆனால் கடலடியில் அப்படி எதுவும் இல்லை. அதனால் பயணத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும், மற்றத் தடங்களைக் குறுக்காக வெட்டும் தடங்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை வெட்டும் இடங்களில் ஒரே பாறை, ஒரே பள்ளம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை தடங்களை நகர்த்திச் சரிசெய்யலாம். எம்பி-சிஸ்டம் என்ற திறந்த மூல மென்பொருளில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதன் பின்னும் ஐயம் நீங்காவிட்டால் படியின் வடிவத்தைப் பாருங்கள்: தடத்தின் ஓரத்தை ஒட்டி நேர்கோடாக ஓடினால் சந்தேகிக்கவும், வளைந்து, பல தடங்களைக் குறுக்கே கடந்து சென்றால் பெரும்பாலும் அது உண்மையான சுவர்.

சோனார் பொருத்தப்பட்ட கோணத்தில் அரைப் பாகை பிசகினாலும், 75 மீட்டர் தொலைவிலுள்ள பார்வை ஓரத்தில் 65 சென்டிமீட்டர் உயரப் பிழை வரும். சமதளத்தில் ஒரே தடத்தை எதிரெதிர்த் திசைகளில் ஓட்டி இதை முன்கூட்டியே திருத்திவிடுங்கள். நிழற்சாயம் இட்டு, அதாவது ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழுவதுபோல் மேடு பள்ளங்களுக்கு நிழல் கொடுத்து, படத்தைப் பார்க்கும்போது ஒளியின் திசையைக் குறைந்தது இருமுறை மாற்றுங்கள்; ஒளிக்கு இணையாக ஓடும் விரிசல் ஒரே படத்தில் முற்றிலும் மறைந்துபோகும்.

மேற்பரப்பு வடிவம் மட்டும் சரிவின் வயதைச் சொல்லாது. ஊர்தியிலுள்ள, மண்ணுக்குள் ஊடுருவும் தாழ் அதிர்வெண் சோனாரை இயக்கியபடி, சமவுயரக் கோடுகளுக்குச் செங்குத்தாக, அதாவது சரிவின் மேலிருந்து கீழாக, இரண்டு மூன்று தடங்களை ஓட்டுங்கள். வெட்டுச்சுவர் குறுக்கிடும் இத்தடங்களில் மட்டும் ஊர்தியின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் டாப்ளர் கருவிக்குத் தரை எட்டும் எல்லையை மீறக் கூடாது. குலையாத மண் இணைகோடுகளாகத் தெரியும். சரிந்த மண்ணில் அக்கோடுகள் சிதைந்தோ மறைந்தோ இருக்கும். சரிந்த மண்ணின் மேல் பிற்பாடு படிந்த மெல்லிய அடுக்கின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். அப்பகுதியில் ஆயிரம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் மண் படிவதாகத் தெரிந்தால், ஒரு மீட்டர் அடுக்கு ஏறக்குறைய 10,000 ஆண்டுகளைக் குறிக்கும். இந்தக் கணிப்பைச் சரிபார்க்க மண் மாதிரிக் குழாயை இறக்க வேண்டிய புள்ளி, அந்த மெல்லிய அடுக்கைக் குழாய் முழுவதுமாகத் துளைத்துச் சரிந்த மண்ணை எட்டக்கூடிய இடம்; அதை அதே வரைபடத்தில் குறித்து, ஆயத்தொலைவுகளோடு கப்பல் குழுவிடம் கொடுங்கள்.