பினாங்கில் சின்ன விடுதி: கடன் வாங்குமுன் எதை எண்ணிப் பார்ப்பது

ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய ஒரு பழைய கடைவீட்டில் ஏழு அறைகள் வைத்து விடுதி நடத்துகிறேன். அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் பத்து ஃபெரிங்கியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை. மாதத்துக்கு ஒருவராவது, பெரும்பாலும் நம் பிள்ளைகள், வந்து கேட்கிறார்கள்: "அக்கா, டூரிசம் நல்லா வருதுன்னு சொல்றாங்க. நாங்களும் ஒன்னு போடலாமா?"

போடலாம். ஆனால் எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்ற செய்தியை வைத்து முடிவு எடுக்காதீர்கள். வந்தவர் எதற்காக வந்தார், வாரத்தில் எந்த நாள் வந்தார், திரும்ப வருவாரா என்று பாருங்கள். உங்கள் அறை நிரம்புவது அதில்தான் இருக்கிறது.

முதல் வேலை, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு, விடுதிகள் நிறைந்த சூலியா ஸ்திரீட்டிலும் லவ் லேனிலும் நடந்து பாருங்கள். மாடி ஜன்னல்களில் எத்தனையில் விளக்கு எரிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். சனிக்கிழமை போகாதீர்கள். சனிக்கிழமையும் பள்ளி விடுமுறையும் எல்லாருக்கும் நிரம்பும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. நான்கு செவ்வாய் இப்படிப் போனால் உங்களுக்கே ஒரு கணக்கு பிடிபடும்.

அப்புறம் காகிதத்தில் போடுங்கள். ஏழு அறை, முப்பது நாள் என்றால் 210 அறை இரவுகள். பாதி நிரம்பினால் 105. இரவுக்கு 130 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள், 13,650 வெள்ளி. எல்லாமே இணையப் பதிவு வழியாக வந்து நூற்றுக்குப் பதினைந்து கமிஷன் போனால் கையில் 11,600 வரும். வாடகை 5,000, இரண்டு வேலையாட்களுக்கு 3,600, அவர்களுடைய சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி எல்லாம் சேர்த்து 500, கரண்ட், தண்ணீர், படுக்கைவிரிப்பு சலவை 1,900. மிஞ்சுவது 600 வெள்ளி. ஒரு ஏர்கான் கம்ப்ரஸர் போனால் அந்த மாதம் முடிந்தது. இதில் உங்கள் சம்பளத்தை நான் இன்னும் எழுதவே இல்லை.

ஆகவே பாதியை எழுபது சதவீதமாக்க வாரநாள் விருந்தினர் வேண்டும். அவர்கள் யார் என்று தேடுங்கள்.

எனக்கு முதலில் கை கொடுத்தவர்கள் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து மருத்துவமனைக்கு வருகிறவர்கள். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பினாங்கின் தனியார் மருத்துவமனைகளுக்கு இந்தோனேசியர்கள் பல ஆண்டுகளாக வருகிறார்கள். நோயாளிக்குக் கிழமை கிடையாது. திங்களும் புதனும் வருவார். ஒருமுறை வயதான தம்பதியர், கணவருக்கு இருதயப் பரிசோதனை. என்னிடம் இருந்தது மாடி அறை மட்டும். ஒவ்வொரு படியிலும் அவர் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். அன்று இரவே முன்கூடத்தின் பின்பகுதியைத் தடுத்து அறையாக்குவது என்று முடிவு செய்தேன். இப்போது அந்தக் கீழ் அறையை இணையத்தில் விற்பதில்லை. மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கென்றே வைத்திருக்கிறேன். கழிப்பறையில் பிடித்து எழ ஒரு கம்பி, காலை ஆறு மணிக்குக் கஞ்சி, ரத்தப் பரிசோதனைக்காகச் சாப்பிடாமல் போகிறவருக்குத் திரும்பி வந்ததும் கஞ்சி. அந்த அம்மா ஊருக்குப் போய்ச் சொல்லி, அதே தெருவிலிருந்து ஐந்து குடும்பங்கள் வந்துவிட்டன. ஒருவர்கூட இணையத்தில் பதிவு செய்யவில்லை, வாட்ஸாப்பில்தான் கேட்டார்கள்.

அடுத்தது சென்னை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் வரை வரலாம் என்று ஆனது. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. முன்பெல்லாம் கோலாலம்பூர் வந்து, அங்கிருந்து மாறி வர வேண்டும். நம் மொழி பேசுகிறவர்கள் நேராக நம் ஊரில் வந்து இறங்குகிறார்கள். இதை நம்மவர்கள் விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. அவர்களுக்குப் பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. குளியலறையில் ஒரு வாளியும் மக்கும், காலையில் வெந்நீர், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிப் பாத்திரம், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் எத்தனை மணிக்கு நடை திறக்கும் என்ற விவரம். அந்தக் கோயில் 1833இல் எழுந்தது என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்து கதை கேட்பார்கள். பினாங்குக் கொடிமலை ரயில், கெக் லோக் சி புத்தர் கோயில் எல்லாம் அவர்களே கைப்பேசியில் பார்த்துக்கொள்வார்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வரும் பொறியாளர்கள் வாரநாளில் வருகிறவர்கள்தான். ஆனால் பெரும்பாலும் அந்தப் பக்கமே தங்கிவிடுவார்கள். ஊருக்குள் இருக்கும் சின்ன விடுதி அவர்களை நம்ப முடியாது.

தைப்பூசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி ரதம் பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும் அந்த நாட்களில் எந்த விலை சொன்னாலும் அறை போகும். நான் வழக்கமான விலைக்கு மேல் முப்பது வெள்ளிதான் கூட்டுகிறேன். ஈப்போவிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் வரும் குடும்பங்கள் காவடி எடுக்க வருகிறவர்கள். அவர்களிடம் மூன்று மடங்கு கேட்க எனக்கு மனம் வராது. அதே குடும்பங்கள் வருடத்தில் இன்னும் இரண்டு முறை, கல்யாணத்துக்கோ பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் விடவோ வருகிறார்கள்.

அரசு அறிவிக்கும் பெரிய திட்டங்களை எப்படிப் பார்ப்பது? விமான நிலையத்தை ஆண்டுக்கு 65 லட்சம் பேர் என்ற அளவிலிருந்து 1 கோடியே 20 லட்சம் பேருக்கு விரிவாக்கும் வேலை, முத்தியாரா எல்.ஆர்.டி. என்ற நகர ரயில் தடம், 2026 மலேசிய வருகை ஆண்டு, எல்லாமே நல்லவை. ஆனால் அவற்றை உங்கள் முதல் மூன்று ஆண்டுக் கணக்கில் வருமானமாக எழுதாதீர்கள். 2020ஐயும் வருகை ஆண்டு என்றுதான் அறிவித்திருந்தார்கள். அதை நம்பி நான் கடன் வாங்கி நான்கு அறைகளுக்குப் புது மெத்தை போட்டேன். அந்த மார்ச் 18 அன்று கொரோனாவால் நாடே அடைபட்டது. வெளிநாட்டவருக்கு எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்று. மெத்தைகள் உறை பிரிக்காமல் கிடக்க, நான் இடியாப்பம் விற்று வாடகை கட்டினேன். அதிலிருந்து ஆறு மாத வாடகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் மற்ற செலவு. நீங்களும் அதை முதலில் செய்யுங்கள்.

இனி கட்டடம். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தோடு முடிந்தபோது பல குடும்பங்கள் நகர நடுவிலிருந்து வெளியேறின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்த பிறகு, அப்படிக் காலியான கடைவீடுகள் பல விடுதிகளாயின. பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்பு வழியாக வெளியே போகும். என் கான்ட்ராக்டர் அதன்மேல் சிமெண்டு பூசி பளபளவென்று பெயிண்ட் அடித்தார். நான்கே மாதத்தில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கொப்பளித்தது. விரலால் தொட்டால் உப்பு போல வெள்ளைப் பொடி உதிரும், அறை முழுக்கப் பூஞ்சை நெடி. எல்லாவற்றையும் கொத்தி எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூச, முதல் செலவைவிட அதிகம் ஆனது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்த பிறகு கட்டடத்தைத் தேடுங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் மாநகர் மன்றத்துக்குப் போய், அந்த முகவரியில் விடுதி நடத்த அனுமதி கிடைக்குமா, பாரம்பரிய வட்டாரத்துக்குள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கேளுங்கள். பொம்பா (தீயணைப்புத் துறை) அதிகாரிகள் இரண்டாவது வெளியேறும் வழியைக் கேட்பார்கள். ஒடுங்கிய கடைவீட்டில் அதற்கு ஒரு அறையை இழக்க நேரலாம், அதையும் கணக்கில் வையுங்கள். வெளிநாட்டு விருந்தினரிடம் அறைக்கு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வாங்கிக் கட்ட வேண்டும். அதை விலையோடு சேர்க்காமல் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள், வாசலில் வாக்குவாதம் வராது.

குத்தகையில் கையெழுத்துப் போடுமுன் ஒரு கனமழை நாளில், கடல் ஏற்றமாக இருக்கும் நேரம் பார்த்து, அந்தக் கட்டடத்தின் ஐந்தடியில், அதாவது முன்னாலுள்ள கூரையிட்ட நடைபாதையில், ஒரு மணி நேரம் நில்லுங்கள். கால்வாய் நீர் எந்தப் படி வரைக்கும் ஏறுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டு வாருங்கள்.