காபரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்: இழுக்காத பழைய காரில் விடப்படும் பிழைகள்

மட்டக்களப்புப் பக்கம் ஒரு காரின் எஞ்சின் சோர்ந்துபோனது தெரியவர நாள் எடுக்கும். கல்லடிப் பாலம் கடந்தால் களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று முழுக்கச் சமதரை. இழுவை நன்றாகக் குறைந்த வண்டியும் மூன்றாம் கியரில் சமாளித்து ஓடிவிடும். செங்கலடியில் திரும்பி மகா ஓயா, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் கால் வைக்கும்போதுதான் குறை வெளியே வரும். இரண்டாம் கியரிலும் மூச்சு வாங்கும். திரும்பி வந்த மறுநாள் பொனட் திறக்கப்படும், முதலில் கழற்றப்படுவது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டராக இருக்கும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. முப்பது வயது தாண்டிய கொரோலாவும் நிசான் சன்னியும் லான்சரும் மாருதி 800உம் பல வீடுகளில் இன்றும் ஒரே வண்டி. அவற்றில் கைவைத்துப் பழகும் தம்பிமார், இந்த வேலைக்கு வந்த எல்லோரும் ஒரு காலத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். பிளக் கரி, எயார் பில்டர் தூசி போன்றவை எவரும் பார்ப்பவை. அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

அளக்காமல் காபரேட்டரில் கை வைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளில் அதிகம் பணம் கரைவதும், திருத்த முடியாத சேதம் வருவதும் இதனால்தான்.

கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கம் குறைந்தாலும், டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம் பிந்தினாலும், எஞ்சின் உறிஞ்சும் வெக்கியூம் எங்காவது ஒழுகினாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றே: மிதித்தால் போகவில்லை. அது பெற்றோல் போதாதது போலவே இருக்கும். உடனே காபரேட்டரிலுள்ள மிக்ஸர் ஸ்க்ரூ திருகப்படும். அந்த ஸ்க்ரூ ஸ்லோவில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது போகும் கலவையை மட்டுமே மாற்றும், ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போது அதற்கு வேலை இல்லை. ஆனாலும் திருகியதும் ஸ்லோ சற்று அழகாக நிற்கும். "சரி, இதிலேதான் கோளாறு" என்ற எண்ணம் அங்கேயே ஊன்றிவிடுகிறது.

அடுத்தது, பெற்றோலை அளந்து விடும் ஜெட்டுக்குள் செம்புக் கம்பி. ஜெட்டின் துளை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் கடையப்பட்டது. பித்தளை மென்மையான உலோகம், கம்பி ஒரு தடவை உரசினாலே துளை பெருக்கும். அதன்பிறகு பெற்றோல் குடி கூடும், இழுவை கூடாது. ஜெட்டைக் கிளீனரில் ஊறவைத்து, காற்று அடித்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டும்.

கடைசியாகப் பாட்ஸ் கடையில் ஒரு நகல் காபரேட்டர். கழற்றிய பழைய ஐசான், ஹிட்டாச்சி காபரேட்டர்கள் கராஜ் மூலையில் பழைய இரும்போடு கிடக்கும். அவை அந்த எஞ்சினுக்கென்று அளந்து செய்த சாமான். கேஸ்கட்டும் டயபிரமும் ஊசி வால்வும் மாற்றினால் பெரும்பாலானவை இன்னும் பல வருடம் ஓடும். எறிவதைப் பார்க்க மனம் பொறுக்காது. நகலில் ஜெட் அளவு வேறு, வெக்கியூம் குழாய் பொருத்தும் முனைகளும் சிலவேளை இடம் மாறியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அப்போது, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெக்கியூம் குழாயின் வாயில் ஒரு ஸ்க்ரூவைச் செருகி அடைத்துவிடுவார்கள். இல்லாத கோளாறு ஒன்று அன்றைக்குப் புதிதாகப் பிறக்கிறது.

டொயோட்டாவின் 4கே எஞ்சின் போட்ட பழைய கொரோலாக்களில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வரும். இரண்டு மூன்று காபரேட்டர் மாறியிருக்கும், ஏற்றத்தில் அதே மூச்சுத்திணறல். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ரோட்டரைக் கையால் முறுக்கினால் அசையாது. உள்ளே இருக்கும் அட்வான்ஸ் எடைகள் துருவும் காய்ந்த கிறீஸும் சேர்ந்து இறுகிப்போயிருக்கும். வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ளுவது அந்த எடைகள். அவை இறுகினால் நிமிடத்துக்கு 3000 சுற்றிலும் எஞ்சின் ஸ்லோவுக்குரிய டைமிங்கிலேயே ஓடும், எந்தக் காபரேட்டராலும் அதை ஈடுசெய்ய முடியாது. கழற்றித் துடைத்துச் சில சொட்டு ஒயில் விட்டால் தீர்ந்தது, ஸ்பிரிங் உடைந்திருந்தால் மட்டும் அதை மாற்ற வேண்டும்.

சரியான வரிசை இது: கம்பிரஷன், டப்பட் (வால்வு இடைவெளி), தீப்பொறி, வெக்கியூம் ஒழுக்கு, பிறகு பெற்றோல். முன்னது சரியில்லாமல் பின்னதை வைத்தால் அந்த அளவு நிற்காது.

கம்பிரஷன் பார்க்க எஞ்சினைச் சூடாக்குங்கள். கொயில் வயரைக் கழற்றி எர்த் பண்ணுங்கள், எல்லாப் பிளக்கையும் எடுங்கள், அக்சிலரேட்டரை ஒருவர் முழுதாக மிதித்துப் பிடிக்க வேண்டும். பற்றரி முழுச் சார்ஜில் இருக்க ஐந்தாறு தரம் சுற்றட்டும். மிதிக்காமல் எடுத்தால் காற்று உள்ளே போகாது, நல்ல எஞ்சினும் மோசமாகக் காட்டும். இந்த வகைப் பெற்றோல் எஞ்சின்களில் பெரும்பாலும் 140 முதல் 180 பிஎஸ்ஐ வரை வரும். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 15 பிஎஸ்ஐக்குள் நிற்பது அதைவிட முக்கியம். ஒன்று தாழ்ந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து தாழ்ந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. இந்த நிலையில் காபரேட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை.

டப்பட் இடைவெளிக்கு அந்தந்த எஞ்சினின் புத்தக அளவு வேண்டும். 4கேயில் சூட்டில் இன்லெட் 0.20, எக்ஸோஸ்ட் 0.30 மில்லிமீற்றர். நிசான் ஏ வகை எஞ்சினில் சூட்டில் இரண்டும் 0.35. டப்பட் சத்தம் கேட்காத எஞ்சின் நல்ல எஞ்சின் என்று நினைத்து இறுக்கி வைப்பவர்கள் வால்வை எரிக்கிறார்கள். மொரிஸ் மைனர், ஒஸ்டின் வைத்திருப்பவர்கள் இதில் கூடக் கவனம் எடுக்க வேண்டும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. ஈயத்தை நம்பிச் செய்த அந்த வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகள் ஈயமில்லாப் பெற்றோலில் மெல்ல மெல்ல உள்ளே தேயும். தேயத் தேய இடைவெளி தானாகக் குறையும், சத்தமும் குறையும், ஒருநாள் வால்வு மூடாது. அந்த வண்டிகளில் ஒவ்வொரு 5000 கிலோமீற்றருக்கும் இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் போட்டுப் பார்ப்பது நல்லது.

வெக்கியூம் கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள், நகல் காபரேட்டரைவிட மிகவும் மலிவு. ஸ்லோவில் ஊசி 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்க வேண்டும். நமது ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் இந்த அளவை அப்படியே எடுக்கலாம். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறையும், பதுளையில் அதே எஞ்சின் இரண்டு அங்குலம் தாழ்த்திக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஊசி ஆடாமல் தாழ்ந்து நின்றால் டைமிங் பிந்தியது, அல்லது எங்கோ காற்று ஒழுகுகிறது. ஒரே தாளத்தில் துடித்தால் வால்வு. ஒழுக்கைத் தேடும்போது காபரேட்டரின் அடியிலுள்ள கறுப்பு இன்சுலேட்டர் கட்டையையும் பிரேக் பூஸ்டர் குழாயையும் முதலில் பாருங்கள். குழாயை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிடித்தால் எதில் எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அதுதான்.

டைமிங்கைக் காதால் வைப்பது

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயிண்டின் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். ஆகவே முதலில் பொயிண்ட், 4கேயில் 0.45 மில்லிமீற்றர், பிறகுதான் டைமிங் லைட். வெக்கியூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஸ்லோவில் எஞ்சின் கப்பியிலுள்ள குறியை அந்த லைட்டில் பார்த்து வையுங்கள். அதோடு நிறுத்திவிடுவதுதான் பிழை. 3000 சுற்றுக்கு ரேஸ் பண்ணினால் குறி 15, 20 பாகை முன்னே ஓட வேண்டும். ஓடாவிட்டால் எடைகள் இறுகியிருக்கின்றன. வெக்கியூம் குழாயின் முனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். காற்று இறங்கினால் டயபிரம் கிழிந்துவிட்டது.

காதால் வைப்பவர்கள் சத்தம் உற்சாகமாகக் கேட்கும் வரை முன்னே தள்ளுவார்கள். சமதரையில் துள்ளும். ஏற்றத்தில், ஆட்கள் நிறைந்த வண்டியில், கண்ணாடி திறந்த காற்றிரைச்சலில் தட்டல் சத்தம் கேட்காது. பிஸ்டன் உடைந்த பிறகுதான் கேட்கும்.

புகைப் பரிசோதனைக்குத் திருகியதை அப்படியே விடுவது

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஆண்டுதோறும் புகைச் சான்று வேண்டும். பரிசோதனைக்கு முதல் நாள் மிக்ஸர் ஸ்க்ரூ உள்ளே முறுக்கப்படும், வண்டி பாஸாகும், அதன் பின் வருடம் முழுதும் பெற்றோல் குறைந்து காய்ந்த கலவையில் ஸ்லோ தடுமாறும், கிளட்ச் விட்டு நகரும்போது இருமும். சொந்தக்காரரோ இழுவை இல்லை என்பார். திருகுவதற்கு முன் எத்தனை சுற்றில் இருந்தது என்று எழுதி வையுங்கள். சரியான டப்பட்டும் டைமிங்கும் உள்ள எஞ்சினுக்கு இந்த வித்தையே தேவைப்படாது.

தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

நம் வெயிலுக்கு அது தேவையில்லை என்பது கராஜ்களில் ஊறிப்போன நம்பிக்கை. தேமோஸ்டாட் எஞ்சினை 80 பாகைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தி வைக்கிறது. கழற்றினால் நீண்ட ஓட்டத்தில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையைச் செறிவாக்கும் ஓட்டோ சோக் முழுதாகத் திறக்காது, பெற்றோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் கணினி எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணிக் கூடுதலாக ஊற்றும். பிளக் கறுக்கும், சிலிண்டர் தேயும். வண்டி சூடேறுகிறதென்றால் ரேடியேட்டரைக் கழுவுங்கள், விசிறியைப் பாருங்கள். புது தேமோஸ்டாட்டைச் சட்டி நீரில் போட்டுக் கொதிக்கவைத்துத் திறக்கிறதா என்று பார்த்தபின் மாட்டுங்கள்.

95 ஊற்றிப் பார்ப்பது

92 ஒக்டேன் பெற்றோலுக்குச் செய்த எஞ்சினுக்கு 95 ஒக்டேன் பலம் தராது.

எர்த்தை நம்புவது

கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் எர்த் வயர் வெளியே நன்றாக இருந்து உள்ளே பச்சை பிடித்துப்போகும். கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மல்டிமீற்றரை வோல்டில் வைத்து, ஒரு முனை பற்றரி நெகட்டிவில், மறுமுனை எஞ்சின் புளொக்கில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அரை வோல்டுக்கு மேல் காட்டினால் வயரை மாற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது கொயிலுக்குப் போய்ச் சேரும் வோல்டையும் பாருங்கள். பிளக் வயர் ஒவ்வொன்றையும் ஓமில் அளந்து, 25 கிலோ ஓமுக்கு மேல் போனதை எடுத்துவிடுங்கள்.

டாங்கியைப் பார்க்காமல் பம்பை மாற்றுவது

2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற கார்களின் டாங்கிகள் உள்ளே துருப்பிடித்தன. அந்தத் துரு இன்றும் சிலவற்றில் பில்டரை அடைத்துக்கொண்டிருக்கிறது. மாரியில் நீர் சேர்வதும் உண்டு. காபரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிக் கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, கொயில் வயரை எடுத்துவிட்டுச் சுற்றுங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல். நிமிடத்துக்கு அரை லீற்றருக்குக் குறையக்கூடாது. போத்தலைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் நீரா, செந்தூளா என்பது தெரியும். நீண்ட தூரம் ஓடி இழுவை குறையும் வண்டியில் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள், "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது.

எஞ்சினில் இல்லாத கோளாறு

சில்லை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்றாவிட்டால் பிரேக் பிடித்திருக்கும்.

சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச்.

சைலன்சரை மறப்பது

உப்புக்காற்றில் சைலன்சர் வெளியே ஓட்டை விழுந்தால் தெரியும். உள்ளே தட்டு கழன்று வழியை அடைத்தால் தெரியாது. வெக்கியூம் கேஜைப் பொருத்தி 2500 சுற்றில் பிடித்து வையுங்கள். ஊசி மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு. முன் குழாய் பூட்டைத் தளர்த்தி ஓட்டும்போது உயிர் வந்தால் உறுதி.

ஒரே நேரத்தில் மூன்றைத் திருத்துவது

எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும். வாகனம் குறைந்த நேர்த்தெருவில், மூன்றாம் கியரில் 30இலிருந்து 60 வரை எத்தனை செக்கன் எடுக்கிறது என்று திருத்துவதற்கு முன்னும் பின்னும் கைபேசியில் அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். போகும்போது ஒரு தடவை, அதே இடத்தில் திரும்பி வரும்போது ஒரு தடவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் அளந்தால் இரண்டு செக்கன் பொய் சொல்லும்.