கோணல் கொப்பியிலிருந்து ஓடையின் பட்டையகலம்

எங்கள் தோட்டத்து லயத்துக்குக் (வரிசை வீடுகளுக்கு) கீழே, தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்து ஓடையில் எனாமல் பெயின்ட்டால் கோடு போட்ட கம்பு ஒன்றை நட்டிருக்கிறேன். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்தால் தண்ணீர் ஒரு மட்டத்தில் நிற்காது. போகும்போது வரும்போது பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். ஒருநாள் நாலு தடவை, அடுத்த இரண்டு நாள் ஒன்றுமில்லை. இதிலிருந்தும் பட்டையகலத்தை, அதாவது நீர்மட்டம் எந்த மீடிறன் (மணிக்கு எத்தனை சுற்று) வரை அசைகிறது என்பதை, மதிப்பிடலாம்.

முதல் தடவை இடைவெளிகளை நேர்கோட்டால் நிரப்பி ஃபூரியர் கணக்குப் போட்டேன், அதாவது அசைவைப் பல மீடிறன் அலைகளாகப் பிரித்தேன். நேர்கோடு வேகமான அசைவையெல்லாம் அமுக்கிவிட, ஓடை பரம சாதுவாகிவிட்டது. நிரப்பாதீர்கள்.

இரைச்சலை, அதாவது அளவில் தற்செயலாக வரும் தடுமாற்றத்தை, முதலில் தனியாக அளவிடுங்கள். ஒரே நிமிடத்தில் ஐந்து முறை பார்த்தேன்: 42, 44, 41, 43, 42 செ.மீ. மாறற்றிறன் (சராசரியிலிருந்து அளவுகள் சிதறும் அளவு) 1.3. அது கம்பில் அடிக்கும் சிற்றலை, ஓடையின் மாற்றமல்ல.

அப்புறம் எல்லா அளவுகளையும் ஜோடி ஜோடியாக எடுத்து, வித்தியாசத்தின் வர்க்கத்தில் பாதியைக் குறியுங்கள். அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று இடைவெளிப்படி பிரித்துச் சராசரி பாருங்கள். அந்தச் சராசரிகளை இடைவெளிக்கு எதிரே வரைந்து, வரும் வளைகோட்டைப் பின்னுக்கு நீட்டினால் பூச்சியத்தில் 1.3 அளவில் வரவேண்டும். மிக உயரத்தில் நின்றால், உங்கள் மிகக் குறுகிய இடைவெளிக்குள்ளேயே ஓடை மாறிவிடுகிறது என்று அர்த்தம். மறுபக்கம் அது ஏறிச் சமதரையாகும். அந்த ஏற்றத்தில் 63 சதவீதத்தைத் தொட எனக்கு 3 மணி நேரம் ஆனது. ஏற்றம் அடுக்குக்குறி வடிவமென்றால் (முதலில் வேகமாக ஏறி, போகப்போக மெதுவாகித் தணிந்தால்), பட்டையகலம் 1 ÷ (6.28 × 3), மணிக்கு 0.053 சுற்று.

அதோடு விட்டுவிடாதீர்கள், அசைவின் சக்தியில் பாதிதான் அதற்குள் அடங்கும். 95 சதவீதம் வேண்டுமென்றால் 12.7 மடங்கு, மணிக்கு 0.67 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு அளவாவது வேண்டும் என்பதால், அதைப் பிடிக்க முக்கால் மணிக்கொரு தடவை ஓடைக்கு இறங்கவேண்டும்!

சரிபார்க்க லோம்ப் (1976), ஸ்கார்கிள் (1982) முறை இருக்கிறது: நிரப்பாமலே ஒவ்வொரு மீடிறனுக்கும் சைன் அலையைப் பொருத்தும். நேரங்களை அப்படியே வைத்து, அளவுகளை மட்டும் நூறு தடவை கலைத்துப் போட்டுப் பாருங்கள். கலைத்த அளவுகளிலும் வருகிற பொருத்தத்தின் உயரத்தை நம்பவேண்டாம்.

கோணல் நேரம் குறையல்ல. காலை 6, மாலை 6 என்று மட்டும் பார்த்திருந்தால் 12 மணிக்குக் குறைந்த ஜோடியே கிடைத்திராது. ஆனால் அட்டைக்குப் பயந்து மழையில் போகாமல் விட்டதில், வேகமான ஏற்றங்கள் கொப்பியில் ஏறவேயில்லை. இப்போது காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு இறங்குகிறேன்.