பெருவில் முதல் பயணமா? உயரத்தைப் பார்த்து வழியைப் போடுங்கள்

லிமாவில் இறங்கிய மறுநாளே குஸ்கோவுக்கு விமானம் ஏறாதீர்கள். முதல்முறை போகிறவர்களின் பயணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். லிமா கடலோர ஊர், குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் அவ்வளவு ஏறினால் உடம்பு பழக நேரமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரிசையாக வரும்.

1. முன்னேற்பாடு. மலைப்பகுதிக்கு மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். மழை குறைவு, இரவில் நல்ல குளிர். இன்கா காலத்து மலை நகரமான மாச்சு பிச்சுவுக்கு நுழைவுச்சீட்டைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அதில் நாள், நேரம், நடைப்பாதை எல்லாம் குறித்திருக்கும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

2. லிமா, 2 நாள். ‘செவிச்சே’ என்ற பச்சை மீன் உணவை மதியமே சாப்பிடுங்கள். அது அன்று காலையில் வந்த மீனில் செய்வது. பச்சை மீன் துண்டுகளில் எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், மெல்லிசாக அரிந்த சிவப்பு வெங்காயம் சேர்ப்பார்கள். புளிப்பு பட்டதும் மீனின் ஓரம் வெளுக்கும், நடுவில் பளபளப்பு அப்படியே இருக்கும். பக்கத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளி. புளிப்பு மீனை வேகவைத்த மாதிரி காட்டுமே தவிர கிருமியை ஒழிக்காது. அதனால் கூட்டம் உள்ள கடையாகப் பாருங்கள்.

3. அரேகிப்பா, 3 இரவு. 2,335 மீட்டர். உடம்பைப் பழக்க இதைவிடத் தோதான ஊர் இல்லை. கறி அடைத்த ரொகோட்டோ மிளகாய் இங்கே கட்டாயம் சாப்பிட வேண்டியது. குடைமிளகாய் போல இருக்கும், காரம் அதைவிடப் பல மடங்கு.

4. குஸ்கோவில் இறங்கி, தங்காமல் கீழே. விமான நிலையத்திலிருந்து நேராக ஒய்யான்டாய்தாம்போ என்ற ஊருக்கு (2,790 மீட்டர்) வண்டி பிடியுங்கள். சுமார் இரண்டு மணி நேரம். இரண்டு இரவு தங்கி, அங்கிருந்தே மாச்சு பிச்சுவுக்கு ரயில். மாச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிடத் தாழ்வு. குஸ்கோவைக் கடைசியில் நிதானமாகப் பாருங்கள்.

5. காடு. குஸ்கோவிலிருந்து அமேசான் காட்டு ஊரான புவெர்ட்டோ மால்டொனாடோவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் விமானத்தில் போகலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் ஸ்பானிய மொழியில் ‘சின் கார்னே’ (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் தட்டில் கோழி வரலாம்; ‘சின் போயோ, சின் பெஸ்காடோ’ (கோழி வேண்டாம், மீன் வேண்டாம்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சூப் கோழிச்சாறில் செய்ததா என்றும் கேளுங்கள்.

கோகா (கோகெய்ன் எடுக்கப்படும் செடி) இலைத் தேநீர் இதமாக இருக்கும், ஆனால் உயர நோய்க்கு அது மருந்தல்ல. இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்குக் கொண்டுவராதீர்கள், சட்டச் சிக்கல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.